உறையாத நீரின் விலை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மஸ்கோகா ஏரிகளைச் சுற்றிக் கோடையில் மட்டும் ஆள் தங்கும் வீடுகள் ஏராளம். ஜனவரி இரவில் அங்கே குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தொடுவதுண்டு. மின்சாரம் போனால், வீட்டைச் சூடாக்க வெந்நீரைக் குழாய்களில் ஓடவிடும் பாய்லர் நின்றுவிடும். குழாய்க்குள் தேங்கிய நீர் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். செம்புக் குழாயும் பிளக்கும். உரிமையாளருக்கு அது தெரியவரும்போது சுவரும் தரையும் ஊறிப்போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டின் சூடேற்றும் குழாய்களில் நீரோடு, உறைவதைத் தடுக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்து ஓடவிடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

பழைய உறைதடுப்பான் எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும்; சிந்தினால் நாய் நக்கிக் குடிக்கும். உடலுக்குள் ஆக்ஸாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து கொல்லும். புரொப்பிலீன் கிளைக்காலோ உணவுப் பண்டங்களில் ஈ1520 என்ற எண்ணில் அனுமதிக்கப்பட்ட சேர்மம். குடிநீரைச் சூடாக்கும் கருவிக்குள் கசிந்தாலும் உயிர்ச்சேதம் வராது என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் டப்பாவில் அச்சிட்ட ‘நச்சற்றது’ என்ற சொல்லை அதன் எல்லைக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். இத்தகைய மருந்துகளில் கரைப்பானாகச் சேர்ப்பது இதே புரொப்பிலீன் கிளைக்கால்தான். அந்த மருந்தில் இருந்ததோ டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு. பெயரை மட்டும் நம்பக் கூடாது, தூய்மையைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம். குழாய்க்குள் நிலைமை இன்னும் சிக்கலானது. துருத்தடுப்பு உப்புகளும், பல ஆண்டுகளில் கரைந்த உலோகமும் சேர்ந்த திரவம் முதலில் ஊற்றிய திரவம் அல்ல. அதை ஓடையில் கொட்டினால், சிதையும்போது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைத் திணறடிக்கும்.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது அளவு தெரியாமல் ஊற்றும் பழக்கம். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 33 டிகிரிவரை உறையாது என்பது உண்மை. ஆனால் குழாய் வெடிக்காமல் காக்க மூன்றில் ஒரு பங்கே பெரும்பாலும் போதும்: திரவம் கெட்டிக்கட்டியாகாமல் கூழ்போல நெகிழ்ந்து நிற்கும். கலவை கூடக் கூட வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும். குளிரில் தேன்போலக் கெட்டிப்பட்டு பம்ப்பை வாட்டும். பயந்து மிகக் குறைவாக, 20 சதவீதத்துக்குக் கீழே கலந்தாலும் ஆபத்துதான்: அந்தத் திரவம் நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும். கார் உறைதடுப்பானை ஊற்றுவது அதைவிட மோசம். அதிலுள்ள சிலிகேட் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கக்கூடும்.

வருடம் முழுக்க ஆள் வசிக்கும், சுவர் நன்றாக மூடிய நகர வீட்டுக்கு இந்தக் கலவை தேவையில்லை என்பதே என் முடிவு. வாசலில் பனி உருக்கும் குழாய் மட்டும் இருந்தால், வெப்பமாற்றி வைத்து அந்தச் சுற்றைத் தனியாகப் பிரித்து அதில் மட்டும் கலக்கலாம். கலந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை திரவத்தின் அமிலத்தன்மையைப் பார்க்க வேண்டும். சூட்டில் கிளைக்கால் மெல்ல அமிலமாகும். துருத்தடுப்பு தீர்ந்ததும் அந்த அமிலம் பாய்லரையே அரிக்கத் தொடங்கும்.