கோப்பதும் நூற்பதும்

பாசிமணி கோத்தல் எழுதுபவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்பதற்குச் சொல்லத்தக்க முதல் காரணம், அது முடிகிற வேலை என்பதுதான். 2 மில்லிமீட்டர் கண்ணாடி மணியில் 2 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட கைப்பட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 750 மணி தேவைப்படும். கட்டத்தாளில் வடிவம் குறித்து, மெல்லிய ஊசியில் நைலான் நூலை ஏற்றி உட்கார்ந்தால் சில மாலைகளில் ஆகிவிடும். ஓரத்தில் கொக்கி மாட்டியதும் அது கைப்பட்டை. அதில் யாருக்கும் ஐயமில்லை. சிறுகதைக்கு அப்படியொரு கொக்கி கிடையாது. நான்காம் முறை திருத்திய பிறகும் முடிந்ததா என்று எழுதியவருக்கே உறுதியிராது. நாவல் எழுதும் ஆண்டுகளில் கண்ணெதிரே எதுவும் நிறைவடையாமல் போவது தனிச் சோர்வு. அதற்கு மணி நல்ல மருந்து.

மருந்தின் பக்கவிளைவும் அங்கேயே இருக்கிறது. செய்து முடித்த நிறைவு கிடைத்துவிட்டால் பாதியில் நிற்கும் அத்தியாயத்தின் உறுத்தல் அடங்கிவிடும். பலரை மறுநாள் மேசைக்கு இழுத்து வருவது அந்த உறுத்தல்தான். எழுத்து தடைப்பட்ட வாரத்தில் மூன்று கைப்பட்டைகள் முடிந்திருந்தால், நடந்தது ஓய்வா ஒளிதலா என்று கேட்டாக வேண்டும்.

இந்த இரு வேலைகளுக்கும் உறவு சொல்லிப் பழகிய மொழி தமிழ். யாப்பின் ஆறு உறுப்புகளில் கடைசியானது தொடை. பெயரே தொடுத்தலிலிருந்து வந்தது. காரைக்கால் அம்மையாரின் திருவிரட்டைமணிமாலையில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் இரு நிற மணிகள்போல மாறி மாறி 20 பாடல்களாக வரும். மும்மணிக்கோவை மூன்று வகைப் பாடல்களை 30 ஆகக் கோக்கும், நான்மணிமாலை நான்கு வகையை 40 ஆகக் கோக்கும். புதுவை மணக்குள விநாயகர்மீது பாரதி பாடியதும் நான்மணிமாலையே. இருமொழிச் சொற்கள் விரவிய நடைக்குக்கூட மாணிக்கமும் பவளமும் கலந்த மாலையை நினைந்து மணிப்பிரவாளம் என்று பெயரிட்டார்கள்.

ஆனால் உரைநடைக்கு இந்த உவமை பாதித் தூரமே வரும். நன்னூலில் 'நூல்' என்ற சொல்லை விளக்கப் புகுந்த பவணந்தி முனிவர் மணியை எடுக்கவில்லை, பஞ்சை எடுத்தார்: சொல் பஞ்சு, புலவன் நூற்பவள். மாலையில் மணி வேறு, நூல் வேறு; கழற்றி எடுத்தாலும் மணி மணியாகவே இருக்கும். நூற்பிலோ பஞ்சே முறுக்கேறி நூலாகிறது. உரைநடை இந்த இரண்டாம் வகை. தனித்தனியே மெருகேற்றிய வாக்கியங்களை வரிசையாக வைத்தால் பத்தி ஆகாது. மணியில் தோய்ந்த கை இந்தப் பழக்கத்தை எழுத்துக்கும் கொண்டுவரும் ஆபத்து மெய்யானது: ஒவ்வொரு வரியும் மின்னும், கதை நகராது. கவிஞருக்கு இந்த ஆபத்து குறைவு. தொகுப்பை அடுக்கும்போது எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் எது நிற்கும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று பார்க்க மணி கோத்த கண் நேரடியாகவே உதவும்.

கை வேலையில் இருக்கும்போது கதைக்கு வழி திறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கிரஹாம் வாலஸ் 1926-இல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் தாட்' நூலில் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முயற்சியை விட்டுவிட்டு மனத்தை அதன் போக்கில் விடும் அடைகாத்தல் அவற்றில் இரண்டாவது. உட் நா சியோவும் தாமஸ் ஆர்மரோடும் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சொல் சார்ந்த புதிர்களில், இடைவேளையில் சும்மா இருந்தவர்களையும் கடினமான வேலை செய்தவர்களையும்விட எளிய வேலை செய்தவர்களே கூடுதல் பயன் பெற்றிருந்தார்கள். புதிர் விடுவிப்பது நாவல் எழுதுவதாகாது என்பது ஒருபுறமிருக்க, இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'எளிய' என்பது.

ஒரே நிற மணியை ஒரே பின்னலில் கோக்கும்போது கை தானாகவே நடக்கும். பூக்கோலம் போட்ட பட்டையில் நிலைமை வேறு. மூன்று நீலம், ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு, மறுபடி ஒரு வெள்ளை என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின்படி, மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதற்கு உள்ள இடம் சிறியது. எண்ணுகிற குரல் அதில் அமர்ந்துகொண்டால் கதைமாந்தரின் குரலுக்கு இடமிராது. ஆகவே மணி கோத்தால் கற்பனை பெருகும் என்று பொதுவாகச் சொல்வது தவறு. ஒற்றை நிறச் சரம் உதவக்கூடும். சிக்கலான பூக்கோலம் வழியை அடைக்கும். பார்ப்பவர்கள் மெச்சுவதோ பூக்கோலத்தைத்தான்.

திருத்தத்தில் மணியும் எழுத்தும் எதிரெதிர். பெயோட்டி போன்ற நெருக்கமான பின்னலில் பத்து வரிசைக்கு முன் விழுந்த தப்பு மணியை எடுக்க, அதுவரை பிரிக்க வேண்டும் அல்லது நூல் அறாமல் குறட்டால் அந்த மணியை உடைக்க வேண்டும். எழுத்தில் முந்நூறாம் பக்கத்தில் நின்றுகொண்டு முதல் பக்கத்துச் சொல்லை மாற்றலாம். வரிசைக்கு வரிசை சரிபார்க்கும் மணிப்பழக்கம் மெய்ப்புத் திருத்தும்போது பெரும் உதவி. முதல் வரைவில் அதுவே கால்கட்டு.

எழுத்துக்குப் பொருள் தருவதில் இந்தக் கைவேலையின் பங்கு பேசப்படுவதைவிடப் பெரியது. ஒஜிப்வே மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிச்சின் 'தி ஆன்டிலோப் ஒய்ஃப்' (1998) நாவலில், உலகின் கோலத்தையே மணிவைத்துத் தைக்கும் இரட்டையர் வருகிறார்கள். தமிழில் எழுதுபவருக்கும் கருகமணி, குழல்மணி, ஸ்படிகம், சமிக்கி என்று பெயர்களும் அவற்றைச் சுற்றிய வாழ்வும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கல்மணிகள் செய்து முடியாத நிலையிலும் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் அவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையில் ஊசி நுழைக்கத் தடுமாறியவர் அந்த மணிகளைப் பார்ப்பதும், நூலில் படித்து மட்டும் அறிந்தவர் பார்ப்பதும் ஒன்றல்ல.

உடலுக்கு மட்டும் இது ஓய்வே அல்ல. எழுத்தைப் போலவே இதுவும் கண்ணுக்கு அருகில், குனிந்த கழுத்தோடு, விரல்நுனியால் செய்யும் வேலை. பகல் முழுதும் கணினியில் தட்டச்சு செய்தவர் இரவில் மணித்தட்டை எடுப்பது அதே கண்ணுக்கும் அதே மணிக்கட்டுக்கும் இரண்டாம் வேளைப் பணி. அதற்குப் பதில் தோட்ட வேலையோ நடையோ மேல். எழுதாத நாளில், பகல் வெளிச்சத்தில் கோப்பதே நல்லது. வெள்ளெழுத்து வந்தவர்கள் 4 மில்லிமீட்டர் மணிக்கு மாறிக்கொள்ளலாம். அதே கைப்பட்டைக்கு 190 மணி போதும்.