கண்டவர் சொல்லும் காற்றின் கணக்கும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பேச நேரம் உண்டு. கடல் அடித்தால் அந்த நேரம் இன்னும் நீளும். அங்கே நான் பலமுறை கேட்ட பேச்சு ஒன்று அநேகமாக ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "நான் கண்ணால கண்டனான்." பிறகு ஒரு கோல் வரும், அல்லது ஒரு பாய்ச்சல், அல்லது ஒரு சவாரி. சொல்பவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, பந்தை வாங்கிய கால் எப்படி மடங்கியது என்று காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். "இல்லையண்ணை, அவன் இடக்காலாலதான் அடிச்சவன். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டனான்." இருவரும் ஒரே ஆட்டத்தைக் கண்டவர்கள். நாற்பது வருடம் கழித்தும் தீர்ப்புச் சொல்லி முடியவில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு விளையாட்டு வரலாறு என்று ஒன்று இருந்தால், அதன் பெரும்பகுதி இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கின்றன. எழுத்தில் எஞ்சியவை கொஞ்சம். ஆகவே "கண்டனான்" என்ற இந்தச் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், எது அதில் பத்திரமாக இருக்கிறது, எது ஒழுகிப் போகிறது என்று பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. அதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளிலும் பாய்ந்தவர். இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ரோக்கியோ மைதானத்தில் அதைக் கண்ட யாழ்ப்பாணத்தவர் அரிது. ஆனால் அவர் நம்முடைய மைதானங்களில் பாய்ந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். சிறுவயதில் அவர்களில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் உயரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. விழுந்த இடத்தைப் பற்றித்தான் பேசினார்: "மணல் தம்பி, வெறும் மணல். மேல போறது பெரிசில்லை, கீழ வாறதுதான் பெரிசு."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு யுகத்தின் விளையாட்டு நுட்பமே அடங்கியிருக்கிறது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகைக் கீழே போட்டுப் பாய்ந்து வென்ற பிறகுதான் உலகம் அந்த முறைக்கு மாறியது. தடித்த மெத்தை வராமல் அந்தப் பாய்ச்சலுக்கு இடமில்லை. கழுத்தும் முதுகும் நிலத்தில் படும்படி மணலில் யார் விழுவார்? அதனால் ஐம்பதுகளில் பாய்ந்தவர்கள் தடியைத் தாண்டும்போதே விழும் வழியையும் யோசித்தார்கள். 2.03 என்ற எண் இதைச் சொல்லாது. இன்றைய மெத்தைக்கு மேலே ஒரு மாணவன் அதே உயரத்தைத் தாண்டினால் ஏட்டில் இருவரும் சமம். கண்டவர் சொல்லில் சமம் இல்லை. ஏடு எவ்வளவு என்று சொல்கிறது. கண்டவர் எப்படி என்று சொல்கிறார். இந்த "எப்படி"யை வேறு எந்தக் கருவியும் நமக்குச் சேமித்துத் தரவில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

கடலில் நடந்த சாதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போகவும் வரவும் நீந்தினார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்விட்டார். அவர்கள் நீந்திய கடல்தான் நம் தீவுகளையும் சூழ்ந்திருக்கும் கடல். இப்படியான நீச்சலைக் கரையில் நின்று கண்டவர் உண்மையில் எதைக் கண்டார்? ஒருவர் எண்ணெய் பூசி இறங்கியதையும், தலை ஒரு புள்ளியாகி மறைந்ததையும். மற்றவர் கரை ஏறியதைக் கண்டிருப்பார். நடுவில் உள்ள இருட்டு, நீரோட்டம், சொறிமுட்டை, தூக்கம் எல்லாவற்றையும் கண்டவர்கள் கூடச் சென்ற வள்ளத்துக்காரர்கள் மட்டும். தூர நீச்சலை அங்கீகரிக்க உலகமெங்கும் கூடச் செல்லும் கண்காணிப்பாளரின் குறிப்பேட்டைக் கேட்பதும் இதனால்தான். கரையில் நின்றவரோ முழுவதையும் சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குக் கிடையாது. காணாத நடுவை, கண்ட தொடக்கத்தின் உணர்ச்சியால் நிரப்பிவிடுகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பலவீனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் வில்ட் சேம்பர்லெய்ன் ஒரே கூடைப்பந்தாட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். படச்சுருள் கிடையாது. அன்று அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். பின்னாளில் அதை நேரில் கண்டதாகச் சொன்னவர்களின் தொகை அந்த அரங்குக்குள் அடங்காது. 1986 இல் சலெஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் மாணவர்களிடம் எழுதி வாங்கிய நினைவுகளை உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் சில வருடம் கழித்து அதே மாணவர்களிடம் மீண்டும் கேட்டு ஒப்பிட்டார். பலரின் நினைவு மாறியிருந்தது. உறுதி மட்டும் குறையவில்லை. "கண்ணால கண்டனான்" என்ற சொல்லின் அழுத்தம் அதன் உண்மைக்கு அளவுகோல் ஆகாது.

தீவகத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: காற்று. குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் பின்காற்று வினாடிக்கு 2 மீற்றருக்கு மேல் போனால் அந்தப் பெறுபேற்றைச் சாதனையாக ஏற்பதில்லை. நம் பள்ளிகளின் இல்லப் போட்டிகள் வருடத் தொடக்கத்தில், வாடைக்காற்று இன்னும் ஓயாத காலத்தில் நடப்பவை. நெடுந்தீவில் மறைப்பென்று பனையைத் தவிர என்ன இருக்கிறது? வாடையைப் பின்னால் வாங்கி ஓடியவன் பறப்பான். எதிரே வாங்கி ஓடியவன் அதே உழைப்பில் பின்தங்குவான். மேலும் நிறுத்துக்கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த நேரம் மின் கருவியின் நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். நூறு மீற்றரில் அந்த வித்தியாசத்தை 0.24 வினாடி என்று கணக்கிடுவது வழக்கம். "இன்ன வருசம் இன்னார் ஓடின ஓட்டத்தை இண்டைக்கும் ஒருத்தரும் ஓடேல்லை" என்று ஒருவர் சொன்னால், அன்று காற்று எந்தப் பக்கம் என்று நான் கேட்பேன். இதுவரை ஒருவர்தான் பதில் சொன்னார். அவர் கடற்றொழிலாளி. காற்றை மறக்காத மனிதர்.

சவாரியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே மறைவது வேறு. மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டவர் மாட்டின் நிறத்தைச் சொல்வார், சாரதி எழுந்து நின்ற விதத்தைச் சொல்வார், இரண்டு வண்டிகளும் தூசிக்குள் ஒன்றாகப் போனதைச் சொல்வார். கேட்கும்போது நமக்கும் மயிர் சிலிர்க்கும். அடியும் குத்தும் வாங்கிய மாட்டின் முதுகை எவரும் சொல்வதில்லை. வெற்றியின் விலையைக் கதையிலிருந்து கழித்துவிடுவது கண்டவர் சொல்லின் இயல்பு.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. இறங்குதுறைப் பேச்சிலும் தேநீர்க்கடைப் பேச்சிலும் பெண்கள் விளையாடுவதே இல்லை. ஆனால் தீவகத்தின் பள்ளிகளில் அவர்கள் விளையாடினார்கள், ஓடினார்கள், தட்டெறிந்தார்கள். தீவகப் பள்ளி ஒன்றின் மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலுடன் 1500 மீற்றர் ஓடிய ஒரு பெட்டையை நான் கண்டிருக்கிறேன். கல்லும் முருகைக்கல் தூளும் கலந்த நிலம். கடைசிச் சுற்றில் முன்னால் ஓடியவளை எட்டும் தூரம் வந்து, எட்டாமல் இரண்டாவதாக முடித்தாள். முடித்த கையோடு திரும்பி, பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாரும் கோட்டைத் தாண்டும் வரை நின்று கைதட்டினாள். நான் நேரில் கண்ட விளையாட்டில் மறக்க முடியாதது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். சான்றிதழில் அது வெறும் இரண்டாம் இடம். ஊர்ப்பேச்சில் அதுவும் இல்லை.

காரணம் திறமைக்குறைவு அன்று. யாழ்ப்பாணத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக நின்றதும், 2018 இல் ஆசியக் கிண்ணம் வந்ததும், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்ததும் எல்லாருக்கும் தெரியும். நினைவு எங்கே உட்கார்ந்து பேசுகிறதோ அங்கேதான் வாழ்கிறது. ஆண்களுக்கு இறங்குதுறையும் சனசமூக நிலையமும் மதகும் இருந்தன. பெண்கள் கண்டதைப் பெண்கள் கிணற்றடியில் பேசினார்கள், கலியாணம் கட்டி வேறு ஊர் போனார்கள், அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. அவர்களிடம் நினைவு இல்லையென்று எண்ணிவிட்டோம். நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு குறைகளோடும் இந்தச் சாட்சியம் ஒரு காலம் வரை ஓரளவு நேர்மையாகவே இருந்தது. காவல் இருந்தவர் அந்தப் பக்கத்து மனிதர், "அது இடக்கால்" என்று மறித்தவர். ஒரு கண்டவரை இன்னொரு கண்டவர் திருத்திக்கொண்டே இருந்தார். 1990 இலும் 1991 இலும் இராணுவ நடவடிக்கைகளால் தீவுகள் வெறுமையானபோது இந்தக் காவலும் போயிற்று. இடக்கால் என்றவர் ரொறொன்ரோவில், வலக்கால் என்றவர் பாரிசில். தனித்தனியே சொல்லும்போது கதை தடையில்லாமல் வளர்கிறது. அதற்கு முன்பே, 1981 இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. சரிபார்க்க இருந்த ஏடும் அப்படிப் போனது.

பிறகு வந்த கழக மலர்களும் பாடசாலை மலர்களும் இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்த்துப் பல மலர்களைப் புரட்டியிருக்கிறேன். நூலகம் நிறுவனம் 2005 முதல் இவற்றை எண்ணிமப்படுத்தி வைத்திருப்பது பெரும் தொண்டு. அது இல்லாவிட்டால் இவ்வளவும் கிடைத்திராது. ஆனால் மலர்களுக்குள் இருப்பவை ஆசிச்செய்திகள், நிர்வாகசபைப் படம், வென்ற கிண்ணங்களின் பட்டியல். ஒரு ஆட்டம் எப்படி நடந்தது என்று எழுதிய பக்கம் மிக அரிது. கண்டவர் இறங்குதுறையில் அரைமணி நேரம் சொல்வதை, மலருக்குக் கட்டுரை கேட்டால் "சிறப்பாக விளையாடி வெற்றியீட்டினர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். எழுத்து என்றதும் வாய் அடைத்துப்போகிறது. இந்தப் பழக்கத்துக்கு ஆசிரியர்களாகிய நாங்களும் பொறுப்பு.

இப்போது கைத்தொலைபேசி இருக்கிறதே, இனி என்ன கவலை என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் யாழ் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக்கில் முதன்முறையாகப் பந்துவீசி அஞ்சலோ மத்யூசை வீழ்த்தியபோது, கொரோனாவால் ஹம்பாந்தோட்டை அரங்கில் பார்வையாளரே இல்லை. எல்லாரும் கண்டார்கள், எவரும் நேரில் காணவில்லை. அந்தப் பந்து என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். இடமா வலமா என்று யாரும் வாதாடத் தேவையில்லை. அது பெரிய வரம். ஆனால் தீவுப் பள்ளி மைதானத்துக்கு அப்படியான கமரா வருவதில்லை. வருவதெல்லாம் பெற்றோர் தம் பிள்ளையை மட்டும் எடுக்கும் படம். கைத்தொலைபேசி மாறும்போது அதுவும் அழியும்.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரநிலத்தையும் கண்டலையும் பற்றிச் சூழலியலாளர் எழுப்பிய கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மைதானம் எழுந்தால் அங்கே விழும் ஒவ்வொரு ஓட்டமும் பதிவாகும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அதைப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு, அதே தீவுகளின் சின்ன மைதானங்களில் யார் ஓடினார்கள் என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கும்?

என் முடிவு இது: கண்டவர் சொல்லைத் தனியே நம்பக் கூடாது, அதைத் தவறவும் விடக் கூடாது. தீவக வலயத்துப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு கொப்பியைத்தான் கேட்கிறேன். ஊரில் வயதானவர்களிடம் மாணவரை அனுப்புங்கள். ஒரே போட்டியைக் கண்ட இருவரைத் தேடச் சொல்லுங்கள். ஒருவர் கடல் தாண்டி இருந்தால் தொலைபேசியில் பிடித்து, இருவரையும் வாதாட விடுங்கள். நாள், மைதானம், காற்று வந்த திசை, இரண்டாவதாக வந்தவரின் பெயர், இந்த நான்கையும் தவறாமல் எழுதுங்கள். அம்மம்மாமாரிடம் முதலில் போங்கள், ஏனென்றால் அவர்களிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.