நிமிடத்துக்கு 31,814

2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 ரயில் டிக்கெட்டுகள் இணையத்தில் பதிவாயின. ரயில்வே அமைச்சகம் இதைச் சாதனையாக அறிவித்தது. அவசரப் பயணத்துக்கான தட்கல் முன்பதிவு நேரத்து நெரிசலை வென்றுவிட்டோம் என்பதற்கு இந்த எண்ணே சான்றாகக் காட்டப்படுகிறது. பொறியாளர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழைய முயல்வோரில் பாதிவரை தானியங்கி நிரல்களே என்று கண்டறிந்து தடுத்ததும், சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிக் கணக்குகளை முடக்கியதும், அந்த ஆண்டு ஜூலை முதல் ஆதாரைக் கட்டாயமாக்கியதும், முதல் அரைமணி நேரம் முகவர்களை விலக்கியதும் நல்ல காரியங்கள்தாம்.

ஆனால் இந்த நெரிசல் புயலைப்போல் எங்கிருந்தோ வந்ததல்ல; விதி போட்டு வரவழைத்தது. ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி, முந்தியவருக்கே இடம் என்று அறிவித்துவிட்டு, நாடே ஒரே நொடியில் வந்து மோதுகிறது என்று சர்வர்களைப் பெருக்குகிறார்கள். ரேஷன் கடையின் வாசலை அகலப்படுத்தினால் உள்ளே இருக்கும் அரிசி கூடிவிடாது. நெல்லை எக்ஸ்பிரஸின் படுக்கைகள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தாலும் ஒரே நிமிடத்தில் தீர்ந்தாலும் படுக்கைகள் அவ்வளவேதான். சர்வரின் வேகம் கூடக்கூடப் போட்டி நடக்கும் நேரம்தான் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது விழுபவர் யார்? பழைய போன் வைத்திருப்பவர், சிக்னல் மெலிந்த ஊர்க்காரர், ஓடிபி வரப் பத்து நொடி பிந்தியவர், பயணியின் பெயரைத் தட்டத் தடுமாறும் முதியவர். அவசரப் பயணத்துக்கென்று வைத்த இடங்களை அவசரத்தைப் பார்த்து அல்ல, விரல் வேகத்தையும் இணைய வேகத்தையும் பார்த்துக் கொடுக்கிறோம். இது அநீதி. எத்தனை சர்வர் சேர்த்தாலும் தீராத அநீதி.

இணையம் தன் இளமையிலேயே இந்தப் பாடத்தைப் படித்தது. 1986 அக்டோபரில், ஏறத்தாழ 400 கஜ இடைவெளியில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு, கம்பியைத் தடிமனாக்குவது அல்ல; நெரிசல் தெரிந்ததும் அனுப்புபவர் தாமே வேகத்தைக் குறைப்பது. தட்கல் விதி இதற்கு நேர்மாறு. பொறுத்திருப்பவருக்கு இடமில்லை, மீண்டும் மீண்டும் தட்டுபவருக்கே உண்டு என்கிறது. எனவே எல்லாரும் தட்டுகிறார்கள். ஒருவரின் தேவை பத்து முயற்சியாகிச் சர்வரை அழுத்துகிறது.

மாற்று எளிது. 10 முதல் 10.30 வரை விண்ணப்பங்களை வாங்கி, அதன்பின் குலுக்கலில் இடம் ஒதுக்கலாம். நொடிக்கணக்குப் பந்தயம் போனால் நிரல்களுக்கும் வேலை போய்விடும். அவசரத்துக்கு இது ஒத்துவராது என்பார்கள். தட்கல் திறப்பதே வண்டி புறப்படுவதற்கு முந்தைய நாளில்தான். அரைமணியில் எந்தப் பயணமும் கெட்டுவிடாது. குலுக்கலில் ஒருவரே பல விண்ணப்பம் போடுவார் என்பது கனமான மறுப்பு. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் அதுவே நடந்தது. 2024இல் எத்தனை நிறுவனங்கள் விண்ணப்பித்தாலும் ஆளுக்கு ஒரே வாய்ப்பு என்று மாற்றியதும், 7.8 லட்சமாக இருந்த பதிவுகள் 4.8 லட்சத்துக்கு இறங்கின. அதே சரிபார்ப்புக்கு வேண்டிய ஆதார் இணைப்பை ரயில்வே ஏற்கெனவே செய்துவிட்டது. குலுக்கலை யார் நம்புவது என்று கேட்டால், அதன் செய்முறையை வெளியிட்டு யாரும் சரிபார்க்க விடலாம். இன்று 10 மணிக்கு முதலில் வந்தவர் யார் என்பதைப் பயணியால் சரிபார்க்க முடிகிறதா?

அடுத்த பொங்கலுக்கு முன் தென்மாவட்ட ரயில் ஒன்றிலாவது இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை ரயில்வே பொதுவில் வைக்க வேண்டும்.