ஆறிய தோலில் தெரியும் கை

முதல் டாட்டூவைப் பற்றி யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் என்ன படம், பிறகு எந்த இடம், பிறகு எவ்வளவு செலவு, கடைசியாக யார் குத்துவது. அந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டுப் பக்கத்து ஸ்டுடியோவோ, நண்பன் போன இடமோ, இன்ஸ்டாகிராமில் நிறையப் பேர் பின்தொடரும் பக்கமோ விடையாகிவிடுகிறது. இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் வாதம். குத்துபவரை முதலில் முடிவு செய்ய வேண்டும். படத்தை அவரோடு உட்கார்ந்து பேசி அமைக்க வேண்டும். அவரை எடைபோட நம்பத்தகுந்த சான்று ஒன்றுதான் இருக்கிறது: அவர் குத்தி, ஆறி, சில ஆண்டுகள் வெயிலும் வியர்வையும் பட்ட பழைய வேலை.

இதன் காரணம் தோலுக்குள் இருக்கிறது. ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை விட வேண்டும். ஆழம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். மேலேயே தங்கிவிட்ட மை சில வாரங்களில் உதிரும் தோலோடு போய்விடும். ஆழம் தப்பிக் கொழுப்பு அடுக்கில் இறங்கிய மை, கோட்டின் இருபுறமும் நீலம் பாரித்துப் பரவும். சரியான ஆழத்தில் நின்ற மையை நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருள் என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த அணு இறந்ததும் வெளியேறும் மையைப் புதிய அணு விழுங்குகிறது. பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு 2018-ல் இதை விளக்கிக் காட்டினார்கள். காகிதத்தில் உலர்ந்த கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். தோலுக்குள் இருக்கும் கோடு உயிருள்ள உடலோடு சேர்ந்து மாறுகிறது, வருடங்கள் போகப் போகத் தடிக்கிறது.

குத்தி முடித்தவுடன் எடுக்கும் படம் இதில் எதையும் காட்டாது. தோல் சற்று வீங்கி இறுகியிருக்கும், மேல்தோலிலும் மை இருப்பதால் கறுப்பு அடர்ந்து மின்னும், போதாததற்குப் படத்தில் வெளிச்சத்தையும் கூட்டியிருப்பார்கள். கை நடுங்குபவர் போட்ட கோடுகூட அன்றைக்கு நேராகவே தெரியும். ஸ்டுடியோக்களின் பக்கங்களில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவை. படத்தில் கோட்டைச் சுற்றிச் சிவந்திருந்தால் அது இன்று குத்தியது என்று தெரிந்துகொள்ளலாம். ஆறு மாதமோ மூன்று வருடமோ கழித்து எடுத்த படம் வேறு கதை சொல்லும். கோடு ஒரே தடிப்பில் ஓடுகிறதா, மூலையில் இரண்டு கோடுகள் சரியாகச் சேர்கின்றனவா, நிரப்பிய கறுப்பு திட்டுத் திட்டாக விட்டுப்போயிருக்கிறதா, நெருக்கமான இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயினவா என்று பார்த்தால் குத்தியவரின் கை தெரிந்துவிடும். அந்தப் படங்கள் நம்மைப் போன்ற மாநிறத்திலோ கறுத்த நிறத்திலோ இருக்கும் தோலில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வெளுத்த தோலில் செய்ததை எவ்வளவு காட்டினாலும் நமக்கு அது அரைச் சான்றுதான்.

ஆறிய வேலைக்கு நம் ஊரிலேயே பெரிய சான்றுத் தொகுப்பு ஒன்று உண்டு. கிராமங்களில் எழுபது, எண்பது வயதுப் பாட்டிமாரின் முன்கையைப் பாருங்கள். புள்ளியும் கோடுமாய்க் கோலம், தேள், கணவர் அல்லது உடன்பிறந்தவரின் பெயர். குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்திவிட்டுப் போனவை. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துக் கரித்த மையை அவர் குறிப்பிடுகிறார். அந்தக் கோலங்கள் இன்று பச்சையோடி, ஓரம் மங்கிப்போயிருக்கலாம். ஆனாலும் அது கோலம் என்று நான்கடி தள்ளி நின்றாலும் தெரிகிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறார்கள், கோடு தடிமனானது, மை ஒன்றே ஒன்று, நிழலும் சாயலும் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் கோடு எவ்வளவு தடிக்கும் என்று கணக்கிட்டு அதற்கு மேலும் இடம் விட்டதுபோல் அமைந்தவை அவை. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வடிவ அறிவை. ஊசி விஷயத்தில் அவர்களைப் பின்பற்ற முடியாது; ஒரே ஊசி பல கைகளைப் பார்த்தது. இன்றும் திருவிழாக் கடைகளிலும் கடற்கரை ஓரங்களிலும் அந்த ஆபத்து அப்படியே தொடர்கிறது. அங்கே குத்திக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்தக் கோலங்களை அளவுகோலாக வைத்தால், இப்போது இளைஞர்கள் அதிகம் கேட்கும் மெல்லிய கோட்டு எழுத்து தேறுவதில்லை. தமிழ் எழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ண, ஞ, ழ, ஜ என்று நம் எழுத்துகளுக்குள் சுழிகள் நிறைய. மணிக்கட்டில் அரை செண்டிமீட்டர் உயரத்தில் ஊசிமுனைக் கோட்டால் குத்தினால் முதல் மாதம் அழகாக இருக்கும். சில ஆண்டுகளில் சுழிகளின் வாய் அடைந்து கறுப்புப் பொட்டாகும். புள்ளி இன்னும் மோசம். ‘அம்மா’ என்பதுதான் தமிழ்நாட்டில் அதிகம் பேர் கேட்கும் சொல்லாக இருக்கும். அதில் ம்-இன் மேல் வைக்கும் புள்ளி மிகச் சிறியதாக இருந்தால் ஆறும்போது உதிர்ந்துவிடலாம், எழுத்துக்கு மிக அருகில் இருந்தால் அதோடு ஒட்டிவிடலாம். ஓலையில் எழுதியவர்கள், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். எழுதும் பரப்பு எதைத் தாங்குமோ அதற்கேற்ப எழுத்தை மாற்றிக்கொண்ட மொழி இது. தோலுக்கும் அதைச் செய்யலாம்: உயரம் ஒரு செண்டிமீட்டருக்குக் குறையாமல், சுழிகளை அகலத் திறந்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி மேலே தள்ளி வைக்கலாம். இதை நாம் சொல்வதற்கு முன்பே சொல்பவர் தேர்ந்த கலைஞர். நீங்கள் கொண்டுபோன அளவிலேயே, சரி சரி என்று தலையாட்டிக் குத்த ஆரம்பிப்பவர் வியாபாரி.

எழுத்துப் பிழையும் இதோடு சேர்ந்த விஷயம். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிவிடும், சிலவேளை புள்ளி வட்டம் ஒன்றும் கூடவே முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞர் அதை அப்படியே ஸ்டென்சிலுக்கு மாற்றிவிடுவார். ஆகவே எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பாமல், நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரிடம் எழுதி வாங்கிப் படமாகக் கொண்டுபோவது நல்லது. ஸ்டென்சில் தோலில் ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்க்காமல், நேராகப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க வேண்டும். உடன் வந்தவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அது ஊதா மையாக இருக்கும்வரை அழித்துவிட்டு வேறு போடலாம்.

அடுத்து, அர்த்தம். முதல் டாட்டூவுக்கு ஆழமான அர்த்தம் வேண்டும் என்பது பலரும் சொல்லும் அறிவுரை. நான் இதற்கு அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். அர்த்தம் குத்திக்கொள்பவரின் மனத்தில் இருக்கிறது, அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அந்த அர்த்தம் மோசமான வடிவத்தைக் காப்பாற்றாது. இறந்துபோன அப்பாவின் முகத்தை இரண்டு அங்குலத்தில் மார்பில் குத்திக்கொள்ள விரும்பும் மகனின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முகம் என்பது சாம்பல் நிறத்தின் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களால் ஆனது. இமைக்கும் விழிக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அது மூடிக்கொண்டதும் அப்பாவின் சாயல் போய்விடும். முக ஓவியம் வேண்டுமென்றால் உள்ளங்கை அளவுக்குக் குறையாமல், அதில் மட்டுமே கைதேர்ந்தவரிடம் போக வேண்டும். முதல் டாட்டூவாக அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

வண்ணங்களும் முதல் முறைக்கு ஏற்றவை அல்ல. மை உள்தோலில் இருக்கிறது, நம் தோலின் நிறமி அதற்கு மேலே இருக்கிறது. எந்த வண்ணத்தையும் பழுப்பு நிறக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் நம்மில் பெரும்பாலோருக்கு ஆறிய பிறகு பழைய தழும்புபோல் ஆகிவிடும். அடர் சிவப்பு ஓரளவு நிற்கும், ஆனால் ஒவ்வாமை அதிகம் வருவதும் சிவப்பு மையில்தான். இன்னொரு கணக்கும் இருக்கிறது. என்றாவது அழிக்க நேர்ந்தால், கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் அலைநீள லேசர். அது கறுப்பு மையை நன்றாகச் சிதைக்கும். பச்சையும் மஞ்சளும் அதற்கு எளிதில் மசியாது. நீடிப்பிலும் கறுப்பு முந்துகிறது, நீக்குவதிலும் அதுவே முந்துகிறது.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் ஊர் ஸ்டுடியோக்கள் பலவற்றில் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. துணிக்கடை முழம் போடுவதைப் போன்ற இந்தக் கணக்குதான் முதல் டாட்டூக்கள் இத்தனை சிறிதாகப் போவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். காசை மிச்சப்படுத்த வாடிக்கையாளர் படத்தைச் சுருக்குகிறார், சுருங்கியதால் அது சீக்கிரம் கெடுகிறது. கடினம் பரப்பில் இல்லை. நான்கு அங்குலக் கறுப்புப் பட்டையைவிட ஓர் அங்குலச் சுழியெழுத்து கடினம். வேலையைப் பார்த்து மொத்தமாக விலை சொல்பவரை நான் கூடுதலாக நம்புவேன். கைக்காசு போதாவிட்டால் படத்தைச் சுருக்குவதைவிட நாளைத் தள்ளிப்போடுவது மேல்.

சுத்தத்தைத் தேர்வுக்கான தகுதியாக வைக்காமல், நீக்குவதற்கான காரணமாக வைக்க வேண்டும். சுத்தமாக இருப்பதால் ஒருவர் நல்ல கலைஞராகிவிட மாட்டார். சுத்தமில்லை என்றால் எவ்வளவு நல்ல கலைஞராக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறாரா? மையைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறாரா? கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு திரும்பி வருகிறாரா? ஊசிகளைத் திரும்பப் பயன்படுத்தாதவர்கூட, மற்ற உலோகப் பாகங்களை அழுத்தமேற்றிய 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைக்கும் ஆட்டோகிளேவ் கருவி வைத்திருக்க வேண்டும். கொதிநீரில் போட்டு எடுப்பது போதாது. மையின் பெயரையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2011-ன் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்குத் தோல் தொற்று வந்தபோது, குத்தியவரின் சுத்தத்தில் குறை இல்லை. முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் மையிலேயே கிருமி இருந்தது. மையைக் குழாய்த் தண்ணீரில் நீர்க்கச் செய்பவரிடம் கையை நீட்டவே வேண்டாம்.

உடம்பின் பக்கமிருந்தும் சில தடைகள் உண்டு. காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ மேடுதட்டி வளர்ந்திருந்தால் அதே தன்மை இங்கும் வரலாம், தோல் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தால் நல்லது. குத்திக்கொண்டால் இந்திய விதிகளின்படி 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது. அடிக்கடி ரத்தம் கொடுப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலில் தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று கடைத்தெருவின் கறுப்பு மருதாணிக்குப் போவதும் வேண்டாம். அதில் கலக்கும் தலைச்சாய வேதிப்பொருள் தோலைப் பொத்துப்போகச் செய்து, வாழ்நாள் ஒவ்வாமையைக் கொடுக்கக்கூடியது. ஸ்டென்சிலையே ஒட்டிக்கொண்டு ஓரிரு நாள் நடமாடினால் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை விரல், உள்ளங்கை, பாதம் ஆகியவற்றை நீக்கிவிடலாம். தோல் வேகமாகத் தேய்வதால் அங்கே மை ஒழுங்காக நிற்காது. வெளிமுன்கை நன்றாகத் தாங்கும், ஆனால் இருசக்கர வாகனத்தில் போகும் நம் ஊரில் நாள் முழுக்க வெயில் குடிக்கும். சீருடை வேலைக்கு முயல்பவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிகள், சல்யூட் வைக்காத இடதுகையின் உள்முன்கையில், அந்தப் பகுதியின் கால்பங்குக்கும் குறைவான அளவில் இருக்கும் டாட்டூவை அனுமதிக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இடதுகை உள்முன்கைதான் மேலோங்கி நிற்கிறது. வெயில் குறைவு, தோல் சமம், முழுக்கைச் சட்டை மறைக்கும், வேண்டியபோது நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் டாட்டூ கறுப்பு மட்டும், தடித்த கோடும் தாராளமான இடைவெளியும் உள்ள வடிவம், இடதுகை உள்முன்கை. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆறிய தம் வேலையை, நம் நிறத் தோலில், நாம் கேட்கும் அதே பாணியில் காட்டக்கூடியவரே குத்த வேண்டும். முடிந்தால் அவரிடம் முன்பு குத்திக்கொண்ட ஒருவரை நேரில் பார்த்து விடுங்கள், போன் படம் மறைப்பதைக் கை காட்டிவிடும். முதல் சந்திப்பில் பணம் கட்ட வேண்டாம். பத்து வருடம் கழித்து இந்தக் கோடு எப்படியிருக்கும் என்று கேளுங்கள். ‘அப்படியே இருக்கும்’ என்பவரை விட்டு விலகுங்கள். எங்கே தடிக்கும், எதைப் பெரிதாக்க வேண்டும், எதைத் தம்மால் செய்ய முடியாது என்று சொல்பவரிடம் நாள் வாங்குங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பஸ் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போங்கள். அந்தப் பயணச் செலவு லேசர் சிகிச்சையின் ஓர் அமர்வுக்கு ஆவதைவிடக் குறைவு, லேசரோ ஓர் அமர்வில் முடிவதில்லை.