குடபுலவியனாரின் நிலநெறி: புறநானூற்று 18ஆம் பாட்டும் சூலக்கரைக் கரிசலும்

சங்கப் பாட்டுக்களுள் மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்பெறுவனவற்றுள் புறநானூற்று 18ஆம் பாட்டும் ஒன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடியது அது. எடுத்தாள்வோர் பலரும் உணவுக்கொடையை உயிர்க்கொடையாகக் கூறும் ஒரு தொடரோடு நின்றுவிடுகின்றனர். அத்தொடர் பாட்டின் முடிபன்று. முடிபுக்கு இட்டுச்செல்லும் ஒரு படியேயாகும். படியை முடிபாகக் கொண்டதனால் பாட்டின் கருத்து எங்ஙனம் திரிந்தது என்பதனையும், அத்திரிபு இன்றைய விளைநிலச் சிக்கலை நாம் நோக்கும் முறையை எங்ஙனம் பாதிக்கின்றது என்பதனையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதே தொடர் மணிமேகலையிலும் வருகின்றது. பாத்திரம் பெற்ற காதையில் பசிப்பிணி தீர்க்கும் அறத்தைக் கூறுமிடத்தே அது அமைந்துள்ளது. சொல் ஒன்றே, இடம் வேறு. காப்பியத்தில் உணவு அமுதசுரபியினின்று வருகின்றது. அப்பாத்திரத்திற்கு வயல் வேண்டா; ஏர் வேண்டா; மழையும் வேண்டா. புறப்பாட்டிலோ உணவு இன்னது என்று வரையறை செய்யப்படுகின்றது: நிலமும் நீரும் கூடியதே உணவு. ஆகவே நீரையும் நிலத்தையும் கூட்டுவித்தவரே இவ்வுலகத்து உடம்பையும் உயிரையும் படைத்தவராவர். ஒன்று ஈகையறம், மற்றொன்று அரசியற்பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயங்கும் மயக்கம் இலக்கிய மயக்கமாக மட்டும் நிற்பதில்லை. நகரத்தார் பலர் அரிசியை அமுதசுரபியினின்று வருவதாகவே எண்ணி வாழ்கின்றனர். அங்காடியில் அரிசி உள்ளவரை அது விளைந்த நிலம் நினைவிற்கு வருவதில்லை.

பாட்டின் அமைப்பை நோக்குவோம். புலவர் முதற்கண் மன்னனின் விழைவுகள் மூன்றனை எடுக்கின்றார்: மறுமைச் செல்வம், உலகை ஒருவனாய் வெல்லும் வெற்றி, நிலைத்த புகழ். இம்மூன்றற்கும் உரிய தகுதியைக் கேள் என்கின்றார். கேட்கும் மன்னன் போர்வென்றவன். அவனுக்குச் சொல்லப்படும் வழியோ குளம் அமைத்தல். இத்திருப்பமே பாட்டின் உயிர்நிலை. இதனைப் பொதுவியல் திணையின் முதுமொழிக்காஞ்சியாகத் துறைவகுத்தோர் கொண்டது பொருத்தமே. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35ஆம் பாட்டும் இதனோடு ஒப்பிடத்தக்கது. படையின் வெற்றி உழவின் பயனே என உணர்த்தி அவர் செய்க்கடன் வீடு பெற்றார். இரு புலவரும் உழவை இரங்கற்பொருளாக வைத்துப் பேசிற்றிலர். ஆட்சியின் அடிப்படையாக வைத்தே பேசினர்.

ஈண்டு ஒரு தடை எழும். விதைத்துவிட்டு வானை நோக்கியிருக்கும் புன்புலம் பரப்பால் அகன்றதாயினும் ஆளும் இறைவனது தாளுக்கு உதவாது என்று குடபுலவியனாரே கூறுகின்றார். அங்ஙனமாயின், மானாவாரி நிலத்தை மனையாகவும் ஆலையாகவும் மாற்றுதல் புலவர்க்கும் உடன்பாடே எனலாமன்றோ? இத்தடைக்கு விடை பாட்டிலேயே உள்ளது. 'உதவாது' என்னும் எதிர்மறை உண்பாரை நோக்கியதன்று. அரசனின் தாளை, அதாவது முயற்சியை, நோக்கியது. அதனையடுத்து 'அதனால்' என்னும் சொல் வருகின்றது. அதன்பின் வருவது நிலத்தைக் கைவிடுக என்னும் கூற்றோ? இல்லை. இகழாது விரைந்து, நிலம் நெளிந்த மருங்கில் நீரைத் தளைத்து நிறுத்துக என்பதே. 'இகழாது' என்னும் வினையெச்சம் ஈண்டுக் கருதத்தக்கது. புன்புலத்தின் குறையைச் சொல்லிய வாயாலேயே அதனை இகழற்க என்கின்றார் புலவர். குறை நீரின்மையால் வந்தது, தீர்வும் நீர்நிலையே. நிலத்தை விற்றல் இத்தருக்கத்துள் யாண்டும் இடம்பெறவில்லை.

புன்புலத்து விளைவு இழிந்ததென்பதும் சங்கத்தார் கருத்தன்று. வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையன்றி வேறு உணவில்லை என மாங்குடி கிழார் 335ஆம் பாட்டில் கூறுவது இதற்குச் சான்றாகும்.

இனிச் சூலக்கரைக்கு வருவோம். விருதுநகரை அடுத்துள்ள இவ்வூர்ப்பெயரின் ஈற்றில் 'கரை' என்னும் சொல் நிற்கின்றது. முற்சொல்லின் பிறப்பை ஈண்டு ஆராயப் புகவில்லை. கரை என்பது நீர்நிலையை நினைவூட்டும் சொல் என்பதொன்றே அமையும். இப்பகுதி ஆண்டிற்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெறும் கரிசற்பூமி. ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் இம்மண்ணில் சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், பருத்தி ஆகியன வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைகின்றன. விருதுநகர்ச் சந்தை பெயர்பெற்றதும் வற்றல், மல்லி, பருப்பு முதலிய புன்செய்ப் பண்டங்களால் அன்றோ? 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு இவ்வறண்ட வானிலையும் ஒரு காரணம். அத்தொழில் பஞ்சகாலத்தில் பல்லாயிரவர்க்குக் கூலி தந்தது. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் 'வறண்ட பூமி' என்னும் சொல் நாளடைவில் 'பயனற்ற பூமி' என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. இப்பொருட்டிரிபே கரிசலுக்கு நேர்ந்த பெருங்கேடு என்பது எம் துணிபு. சூலக்கரையில் தொழிற்பேட்டை அமைந்தது, நெடுஞ்சாலை அகன்றது, சாலையோரக் காடுகளில் மனைக்கற்கள் நடப்பட்டன. உழவர் 'காடு' என்று அழைப்பது தம் விளைபுலத்தை. மனை விற்போர் அதனையே வெற்றிடம் என்கின்றனர்.

சட்டத்தின் நோக்கும் இதற்கு முற்றும் விலக்கன்று. 2020இல் இயற்றப்பெற்ற காவிரிப்படுகைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போற்றத்தக்கதே. அது நெல்விளையும் படுகையைக் காக்கின்றது. கரிசலுக்கு அதுபோன்ற காப்பு இல்லை. ஒப்புதலற்ற மனைப்பிரிவுகளின் பதிவைத் தடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் 9-9-2016இல் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே, 20-10-2016க்கு முற்பட்ட பிரிவுகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. கற்கள் ஊன்றப்பட்டபின் நிலம் மீண்டும் புலமாதல் அரிது. நன்செயை உணவென்றும் புன்செயைக் கையிருப்பு மனையென்றும் கருதும் மனப்பான்மை இவற்றினூடே புலப்படுகின்றது.

நகர வளர்ச்சியைச் சங்கச் சான்றோர் வெறுத்தனர் என்பதும் பிழையே. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் கரிகாலனின் செயல்களை அடுக்கும் முறை நோக்கத்தக்கது. காட்டை நாடாக்கியதும் குளம் தோண்டி வளம் பெருக்கியதும் முன்னே நிற்கின்றன. உறந்தையை மாடங்களோடு விரித்தது பின்னே வருகின்றது. நகரம் குளத்தின்மேல் நிற்கவேண்டும் என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும் கருத்து. நம் காலத்தில் அத்தொடர்பு நேர்மாறாகியுள்ளது. குளத்தைத் தூர்த்து அதன்மேல் நகரம் நிற்கின்றது.

தற்கால இலக்கியத்தில் இவ்வுணர்ச்சியைக் கரிசல் எழுத்தாளரே காத்துவந்துள்ளனர். சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடிக் கண்மாயை நடுவாக வைத்து ஊரின் வாழ்வையும் தாழ்வையும் கூறுகின்றது; 2019இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. நிறைந்த கண்மாயைச் சூலுற்ற வயிறாகக் காணும் அந்நாவலையும் 18ஆம் பாட்டையும் ஒருங்கே வைத்து முதுகலை மாணவர் பயிலுதல் நன்று. நீரும் நிலமும் கூடுதல் உயிரின் தோற்றம் என்னும் ஒரே கருத்து, ஈராயிரம் ஆண்டு இடையிட்டு, புலவர் வாயிலும் உழவர் வாயிலும் வழங்குதல் காண்பர்.

முடிவாக ஒன்று கூறலாம். 18ஆம் பாட்டை அன்னதானப் பந்தலின் முகப்பில் எழுதுவோர் எழுதுக. ஊரமைப்புத் திட்டம் வகுப்போரின் மேசையிலும் அது, இறுதியடிகள் உட்பட, இருத்தல் வேண்டும். நிலம் நெளிந்த மருங்கு எது, அங்கு நீர் நிற்கின்றதா என்று கேட்டபின்னரே மனைக்கல் நடுதல் தகும். சூலக்கரைக் கரிசலில் அவ்வினாவை எழுப்புதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. புலவர் 'வல்லே' என்று விரைவுபடுத்தியதை மட்டும் நாம் மறத்தலாகாது.