தொடுகையும் அதிகாரமும்: சிறுவர் பாதுகாப்புப் பிரசுரங்களின் கருத்துநிலை பற்றிய ஒரு நோக்கு

சிறுவர்க்கெனத் தமிழில் வெளிவருவனவற்றுள் அண்மைக் காலத்தில் தனியொரு வகையாக உருப்பெற்றிருப்பது உடற்பாதுகாப்புப் பற்றிய சிறுபிரசுரம் ஆகும். 'நல்ல தொடுகை', 'தீய தொடுகை' என்ற இரு தொடர்களும் இன்று பாடசாலைச் சுவர்களிலும் கிராமிய வைத்தியசாலைகளிலும் காணப்படுகின்றன. இலக்கிய மாணவர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. இவை சுகாதாரக் கல்வியின்பாற்பட்டன என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் இலக்கிய வரலாற்றிற் சேர்த்துக் கற்பிக்கும் நாம், அவற்றைப் போலவே பிள்ளைகளின் மனத்திற் பதிய வேண்டும் என்ற நோக்குடன் எழுதப்படும் இப்பிரசுரங்களை விலக்கிவைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. இவையும் நீதிநூல்களே. எந்த நீதிநூலைப் பற்றியும் கேட்கவேண்டிய வினாவை இவை பற்றியும் கேட்கலாம்: யார், யாரை நோக்கி, எத்தகைய சமூக உறவின் தளத்தில் நின்று பேசுகின்றார்?

இவற்றின் தோற்றுவாய் ஐக்கிய அமெரிக்காவில் உள்ளது. 1970களின் பிற்பகுதியில் மினியாப்பொலிஸ் நகரிற் பணியாற்றிய கோர்டீலியா அண்டர்சன், தொடுகைகளை ஒரு தொடர்வரிசையாக விளக்கும் பாடமுறையொன்றை வகுத்தார். அங்குள்ள இலூஷன் தியேட்டர் என்ற நாடகக் குழுவினூடாக அது மேடைக்கும் சென்றது. அவ்வரிசையில் நல்லதற்கும் தீயதற்கும் இடையே குழப்பந்தரும் தொடுகை என்றொரு பகுதி இருந்தது. அன்பு போலத் தோன்றுவது, மறுத்தால் மரியாதைக்குறைவு எனக் கொள்ளப்படுவது, பரிசுடன் சேர்ந்து வருவது ஆகியவற்றைப் பிள்ளை எண்ணிப் பார்ப்பதற்கான இடம் அதுவே. தமிழ்ப் பிரசுரங்கள் பலவற்றில் இவ்விடைப்பகுதி மறைந்து, இரண்டே பெட்டிகள் எஞ்சியுள்ளன. பிள்ளைகளுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று சுருக்கினார்கள் போலும். ஆனால் துஷ்பிரயோகம் பெரும்பாலும் தொடங்குவது அந்த இடைப்பகுதியிலேயே. அதனை நீக்கிய பாடம், நிகழ்வதற்கு அரிதானதைப் பற்றி விரிவாகவும் அன்றாடம் நிகழ்வதைப் பற்றி ஒன்றுமில்லாமலும் பேசுகின்றது.

அடுத்து நோக்கவேண்டியது இவற்றின் மொழி. 'வேண்டாம் என்று சொல், விலகிச் செல், நம்பிக்கையானவரிடம் கூறு' என்னும் மூன்று கட்டளைகளே பெரும்பாலான பிரசுரங்களின் சாரம். மூன்றும் ஏவல் வினைகள். மூன்றும் பிள்ளையை நோக்கியவை. வளர்ந்தவரை நோக்கிய ஏவல் ஒன்றேனும் இப்பக்கங்களில் அரிது. 'தொடாதே' என்ற சொல் எங்கே? குற்றம் செய்யக்கூடியவனை விளிக்காமல், குற்றத்துக்கு ஆளாகக்கூடிய பிள்ளைக்குக் கடமைகளை விதிக்கும் இவ்விலக்கணம் தற்செயலானதன்று. மூத்தோர் சொற்கேட்டல், எதிர்வார்த்தை பேசாமை என்பவற்றைப் பிள்ளைமையின் உயர்பண்புகளாக விதித்த நிலமானியக் கருத்துநிலையின் தொடர்ச்சி அது. காலை முதல் மாலைவரை பணிவைக் கற்பிக்கும் பாடசாலை, ஒரு பாடவேளையில் மாத்திரம் 'வேண்டாம்' என்று சொல்லக் கற்பிக்கின்றது. அப்பிள்ளை இவற்றுள் எதனை நம்பும்?

சொல்லத் தவறிய பிள்ளையின் நிலை இதனினும் கொடியது. துஷ்பிரயோகத்துக்கு ஆளாகும் பிள்ளை அச்சத்தால் உறைந்துபோவதும் பல்லாண்டுகள் வாய்திறவாதிருப்பதும் நன்கறியப்பட்ட உண்மைகள். அத்தகைய பிள்ளை பின்னர் இப்பிரசுரத்தை வாசிக்கையில், தான் மூன்று கட்டளைகளையும் மீறியதாகவே உணரும். 'நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் தவறு உன்னுடையதன்று' என்ற ஒரு வாக்கியம் இதனை மாற்றிவிடும். ஆனால் அது பல பிரசுரங்களில் இல்லை.

சித்திரங்களில் வரும் தீயவன் பெரும்பாலும் மிட்டாயுடன் வீதியில் நிற்கும் அந்நியன். துஷ்பிரயோகம் புரிவோருள் மிகப் பெரும்பாலானோர் பிள்ளைக்கு முன்னரே அறிமுகமானவர்கள் என்பதை எல்லா நாட்டு ஆய்வுகளும் ஒருமுகமாகக் கூறியிருக்க, அந்நியனை வரைவதில் நமது ஓவியர்களுக்கு என்ன பிடிவாதமோ தெரியவில்லை. தமிழ்ச் சூழலில் இவ்வோவியம் இரட்டிப்புப் பொய்யாகின்றது. தாயின் சகோதரனும் 'மாமா', பக்கத்து வீட்டுக்காரரும் 'மாமா', முச்சக்கரவண்டி ஓட்டுநரும் 'மாமா'. வீட்டுக்கு வரும் வளர்ந்த ஆண் எவனும் உறவுச்சொல்லுக்குள் ஈர்க்கப்பட்டு, அச்சொல்லுக்குரிய உரிமையையும் பெற்றுவிடுகின்றான். 'மாமாவைக் கொஞ்சு' என்று, விரும்பாத பிள்ளையை முன்னே தள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் உண்டு. அங்கு கொஞ்சுதல் என்பது முத்தமிடுதலைக் குறிக்கும். பிள்ளையின் உடல் குடும்பத்தின் உடைமை, விருந்தினருக்கு வழங்கத்தக்க உபசாரப் பொருள் என்ற எண்ணம் இங்கேதான் பயிலப்படுகின்றது. இந்தியாவின் சைல்ட்லைன் நிறுவனம் தயாரித்த 'கோமல்' என்னும் உயிரூட்டப்படம் இவ்வகையில் விதந்து கூறத்தக்கது. அதிலே குற்றம் புரிபவர் தந்தையின் நண்பர், அண்டைவீட்டுக்காரர்.

பிரசுரங்கள் காணத் தவறியதைத் தமிழ்ப் புனைகதை முன்னரே கண்டிருந்தது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. அந்நாவல் பற்றி எழுதியோருட் பலர், 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் மழைநாளில் நிகழ்ந்த சம்பவத்தையும் அதன் பின்விளைவையும், அதாவது காருக்குரியவனையும் கங்காவையும் பற்றியே வாதிட்டனர். என் கருத்தில் நாவலின் சமூக உண்மை வெங்கு மாமாவிலேயே உள்ளது. அவர் வழக்கறிஞர், சாத்திரம் அறிந்தவர், வீட்டை விட்டு விலக்கப்பட்ட பெண்ணுக்குப் படிப்பும் ஆதரவும் தந்தவர். அந்த ஆதரவே அவளது உடல்மீதான அவரது உரிமைகோரலுக்கு அடிப்படையாகின்றது. வாத்சல்யத்தின் பெயரால் அவர் கை நீள்கின்றது. கங்கா சிறுமியல்லள் என்பது உண்மையே. எனினும் பொருளாதாரச் சார்பும் உறவுமுறை அதிகாரமும் ஒருவரிடம் குவியும்போது தொடுகை எவ்வாறு ஆதிக்கத்தின் கருவியாகின்றது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பாத்திரம் தமிழில் வேறில்லை. அந்நியன் ஒருமுறை வந்து போகின்றான். மாமா வீட்டிலேயே இருக்கின்றார்.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. பூப்பெய்திய சிறுமி, தன் உடலில் நிகழ்ந்தது யாதென விளக்குவதற்குத் தாய் ஊரிலிருந்து திரும்பி வருவாள் என்று காத்திருக்கின்றாள். வந்த தாயிடமிருந்து கிடைப்பது விளக்கமன்று. பெண்ணைக் கரையேற்றவேண்டிய சுமை பற்றிய கவலையின் கடுஞ்சொல். உடலைப் பற்றிப் பேசத்தக்க சொற்கள் நம் வீடுகளில் இல்லை என்பதை இக்கதையைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. உறுப்புகளுக்கு நம்மிடம் வசைச்சொற்கள் உண்டு. வைத்தியநூற் சொற்கள் உண்டு. மழலைச் சொற்களும் உண்டு. சாதாரணமாக, வெட்கமின்றிப் பயன்படுத்தும் சொற்கள் மாத்திரம் இல்லை. பிரசுரங்களும் 'அந்தரங்க உறுப்பு' என்ற மூடுசொல்லின் பின் ஒளிந்துகொள்கின்றன. இது மொழிநடை பற்றிய நுண்வாதமன்று. 1999ஆம் ஆண்டின் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றில் முன்வைக்க வழிசெய்தது. ஆனால் அந்த ஒளிப்பதிவில் எந்தச் சொல்லால் அப்பிள்ளை பேசும்?

சட்டத்துறையில் இலங்கை பின்தங்கியிருந்தது எனக் கூறமுடியாது. 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றபின், 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 12இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது, தகாப்புணர்ச்சி தனிக்குற்றமாயிற்று. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இன்று பலருக்கும் தெரியும். சட்டம் முன்சென்றது, வாழ்நிலை பின்தங்கியது.

மலையகத்தில் இது கண்கூடு. தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு வெள்ளைத் துரைமார் அளந்து கொடுத்த லய அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அக்காம்பிராக்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் உறங்க நேர்ந்த தொழிலாளியின் அவலத்தைத் தெளிவத்தை ஜோசப் 'மீன்கள்' என்ற சிறுகதையில் எழுதினார். யாரையும் கொடியவராக்காமல், இடமின்மையையே அக்கதை குற்றவாளியாக்குகின்றது. உடலுக்கு எல்லை உண்டு என்று கற்பிக்கும் பிரசுரத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, உடை மாற்றுவதற்கு ஒரு மறைவில்லை. இதே லயங்களிலிருந்தே சிறுமியர் நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது 2021இலேதான். கூலியும் உணவும் உறங்குமிடமும் எசமானன் கையில் இருக்கையில் 'விலகிச் செல்' என்ற கட்டளைக்கு என்ன பொருள்? எங்கே விலகிச் செல்வது?

தாய்மார் விடயத்திலும் இதே போக்கே. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய பெண்கள் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதை 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை முறை கட்டுப்படுத்தியது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தந்தைமாருக்கு அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை.

இவ்வாறு கூறுவதால், சுரண்டல் ஒழியும்வரை இப்பிரச்சினையை ஒத்திவைக்கலாம் என்று கொள்ளலாகாது. அத்தகைய கொச்சைப் பொருள்முதல்வாதம் நம்மிடையே இருந்தே வந்துள்ளது. சிறுவரின் பசியையும் உழைப்பையும் பேசிய முற்போக்கு விமர்சனம் அவர்களின் உடலைப் பேசக் கூசியது. அது நடுத்தர வர்க்கத்தினரின் மனோவியல் விவகாரம் என்று தள்ளிவைத்தது. வசதிபடைத்த வீடுகளிலும் துஷ்பிரயோகம் நிகழ்கின்றது. அங்கே அறைகள் பல உண்டு; குடும்ப மானம் என்ற பூட்டும் உண்டு. வர்க்க நிலை அதன் வடிவத்தையும் அதிலிருந்து தப்பும் வழிகளையும் நிர்ணயிக்கின்றது. தந்தைவழி அதிகாரமோ எல்லா வர்க்கங்களையும் ஊடறுத்துச் செல்கின்றது.

குறைகள் இருப்பினும் இப்பிரசுரங்கள் தொடர்ந்து வரவேண்டும். தனக்கு நிகழ்ந்தது தவறு என்று ஒரு பிள்ளை முதன்முதலாக அறிவது இவற்றின் ஒரு பக்கத்திலிருந்தாயிருக்கலாம். அவற்றில் வரும் பயிற்சிகளுள் ஒன்று, பிள்ளை தன் கையைத் தாளில் வைத்துக் கோடு வரைந்து, ஒவ்வொரு விரலிலும் தான் நம்பும் வளர்ந்தவர் ஒருவரின் பெயரை எழுதுவது. நல்ல பயிற்சி. தாய் குவைத்திலும் தந்தை கொழும்பிலும் இருக்கப் பாட்டியுடன் லயத்தில் வாழும் பிள்ளை அதில் எத்தனை விரல்களை நிரப்பும் என்பதை ஆசிரியர்கள் பார்க்கவேண்டும். வெற்று விரல்களைப் பார்த்தபின் பாடசாலை என்ன செய்யவேண்டும் என்பதை ஆசிரியருக்கும் அதிபருக்கும் ஏவல் வினையிற் கூறும் பக்கம் ஒன்று, அடுத்த பதிப்பில் அந்தக் கையின் எதிர்ப்பக்கத்தில் அச்சாகட்டும்.