செவிக்கு ஒரு பரீட்சை

மொழியின் முதல் வடிவம் ஒலியே. எழுத்து அதன்வழி வந்தது. எனினும் அந்நிய மொழியொன்றைக் கற்போர் பெரும்பாலும் எழுத்திலே தொடங்கி, ஒலியை இறுதியிலேயே சென்றடைகின்றனர். இம்முரண்பாடு தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று, பிரெஞ்சு மொழிக்குரிய டெல்ஃப் பரீட்சையின் பி2 தரத்துச் செவிமடுத்தற் பகுதியாகும்.

1985 இல் தோற்றுவிக்கப்பட்ட இப்பரீட்சை, 2005 இல் ஐரோப்பிய மொழிப் பொதுச் சட்டகத்தின் தரங்களுக்கு இயைய மாற்றியமைக்கப்பட்டது. பி2 தரத்தில் நான்கு பகுதிகள் உள. ஒவ்வொன்றிற்கும் 25 புள்ளிகள். மொத்தம் 50 பெற்றாற் சித்தி. ஆயின் எப்பகுதியிலேனும் 5 இற்குக் குறைந்தால் தோல்வியே. செவிமடுத்தலுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களே உண்டு.

பரீட்சார்த்தி இங்கு இடறுவது சொல்வளம் இன்மையால் மட்டுமன்று. தமிழில் நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் தோன்றும் மாற்றத்தை எழுத்தே பெரும்பாலும் காட்டிவிடும். பிரெஞ்சிலோ புணர்ச்சி பெரும்பாலும் நாவில் நிகழ்கின்றது, ஏட்டில் நிகழ்வதில்லை. 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இல் ஏம்'. 'அவர்கள் நேசிக்கின்றனர்' என்பது 'இல் ஸேம்'. வினைவிகுதி எழுத்தில் வேறுபடினும் ஒலியில் வேறுபடாது. ஒருமை பன்மையைப் பிரிப்பது இடையில் எழும் ஓர் அதிரொலி மாத்திரமே. 'இல் ஸோன்' என்பதில் அவ்வொலி அதிர்ந்தால் 'அவர்களிடம் உண்டு' என்பது பொருள். அதிராவிடின் 'அவர்கள் இருக்கின்றனர்' என்பது பொருள். தமிழ் வரிவடிவம் இரண்டையும் ஒன்றாகவே எழுதும். பழகாத தமிழ்ச்செவியும் ஒன்றாகவே கேட்கும். இனி, 'எனக்குத் தெரியாது' என்னும் பொருள்தரும் 'ஜ ந ஸே பா' அன்றாடப் பேச்சில் 'ஷே பா' எனச் சுருங்குகின்றது. நூலில் மாத்திரம் கண்டவர் இதனை எங்ஙனம் இனங்காண்பர்?

ஆயத்த நூல்கள் பல இவ்வினாவைத் தொடுவதில்லை. வினாக்களை முன்னரே வாசிக்குக, விடையை ஊகிக்குக, மாதிரி வினாத்தாள்கள் பல செய்க என்பனவே அவை கூறுவன. இவை பயனற்றவையல்ல, ஆயின் இவை வினாத்தாளைக் கற்பிக்கின்றனவேயன்றிச் செவியைப் பயிற்றுவதில்லை. 2020 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பு இப்போக்கை மேலும் வளர்த்தது எனலாம். அதில் இரு பயிற்சிகளின் பதிவுகள் இருமுறை ஒலிக்கும். மூன்றாவதிலுள்ள மூன்று சிறுபதிவுகள் ஒருமுறையே ஒலிக்கும். வினாக்கள் யாவும் பல்தேர்வு. விடை எழுதும் ஆற்றல் கேட்கும் ஆற்றலின் அளவீட்டைக் குழப்பிய பழைய குறை இதனால் நீங்கிற்று; இது நியாயமே. ஆனால், கேளாதவனும் தெரிவுகளை ஒப்புநோக்கி ஊகித்துத் தப்பும் வழியும் உடன் திறந்தது.

மெய்யான ஆயத்தம் வேறு. ஒரு நிமிட வானொலிப் பதிவைப் பலமுறை கேட்டு, கேட்டவாறே எழுதி, அதன் எழுத்துவடிவத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். பிழைத்த இடத்தில் அறியாத சொல் இருந்ததா, அறிந்த சொல்லே புணர்ச்சியில் மறைந்ததா என ஆராய்தல் வேண்டும். பின்னவையே மிகுமாயின், அகராதி அன்று, செவியே திருந்த வேண்டும்.

இது மாணவர்க்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. பிரான்சில் 2024 ஜனவரி 26 இன் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பிரசாவுரிமை கோருவோர் பி2 தரத்தை நிறுவுதல் வேண்டும். முன்னர் பி1 போதியதாயிருந்தது. அங்கு வாழும் ஈழத்தமிழர் பலரையும் இது நேரே தொடுகின்றது. உணவகச் சமையலறையில் ஆண்டுக்கணக்காகப் பிரெஞ்சு கேட்டவருக்கு 'ஷே பா' புதிதன்று. வானொலி விவாதத்தின் தருக்கமே புதிது. வகுப்பறையிற் கற்றவருக்கோ நிலைமை மறுதலை. இருவருக்கும் ஒரே ஆயத்த நூலை நீட்டுதல், நோய் நாடாது மருந்து கொடுத்தலை ஒக்கும். எவர் செவி எங்கே தவறுகின்றது என்பதை முதலில் நாடுவதே ஆசிரியர் கடன்; பரீட்சைச் சித்தி அதன் பின்னர் வருவது.